கட்டிங் மெஷினின் பின்பக்கம்

புத்தகம் கட்டும் கடையில் கட்டிங் மெஷினுக்கு முன்பக்கம் என்று ஒன்று உண்டு, பின்பக்கம் என்று ஒன்று உண்டு. முன்பக்கம் என் வீட்டுக்காரர் நிற்பார். பின்பக்கம் நான் நிற்பேன். நடுவில் ஆள் உயரத்துக்கு இரும்பு. கல்யாணமாகி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தவள், வந்த கொஞ்ச நாளிலேயே அந்த இரும்புக்குப் பின்னால் போய் நின்றுவிட்டேன். வயதானபிறகும் அங்கேதான் நின்றேன். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கடையில் வேலை என்று கேட்டவர்கள், நாள் முழுக்க முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்களாக்கும் என்று கிண்டல் செய்வார்கள். வேலை நேரத்தில் நான் அவர் முகத்தைப் பார்த்ததே கிடையாது. குரல்தான்.

எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாலு பேர் நடுவில் பேச்சு வராது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றபோது எல்லாரும் வருத்தப்பட்டார்கள், எனக்கு மட்டும் உள்ளுக்குள் நிம்மதி, இனி எழுந்து நின்று வாசிக்க வேண்டாம் என்று. கடையில் தாள் மடிக்கிற பெண்கள் வரிசையாகப் பலகையில் உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் பேசுவார்கள். என்னையும் சேர்த்துக்கொள்ளப் பார்த்தார்கள். நான் சிரிப்பதோடு சரி. "அந்த மெஷினுக்குப் பின்னால ஒரு ஆளு நிக்காளா, இல்ல புஸ்தகம் தானா நகந்து வருதா?" என்று ஒருத்தி கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். நானும் இரும்புக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டேன்.

வேலையைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் நான் சொல்ல வந்தது விளங்காது. அச்சாகி வருகிற பெரிய தாளை ஃபாரம் என்போம். அதை மடித்து, வரிசையாகச் சேர்த்து, தைத்து, முதுகில் பசை தடவிக் காயவைப்பார்கள். அப்படிக் காய்ந்த புத்தகங்களை நான் ஒரு கட்டாக அடுக்கி, பலகையில் தட்டித் தட்டி நேராக்கி, கத்திக்கு அடியில் தள்ளிக் கொடுக்க வேண்டும். அவர் முன்னால் நின்று அளவு பார்ப்பார், சக்கரத்தைத் திருகிக் கட்டை அழுத்துவார், பிறகு பிடியை இழுப்பார். கத்தி இறங்கும், ஏறும். சீவி விழுகிற துண்டுத் தாளுக்குக் கத்ரன் என்று பெயர், அது அவர் பக்கம் விழும். புத்தகம் என் பக்கம் நிற்கும். நான் இழுத்து, திருப்பி, அடுத்த ஓரத்துக்குத் தள்ளுவேன். மேல் ஓரம், கீழ் ஓரம், திறக்கிற ஓரம். முதுகில் மட்டும் கத்தி படக் கூடாது. அங்கேதான் தையல் இருக்கிறது.

என் கை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அவர் கை எப்போது பிடிக்குப் போகிறது என்று எனக்குத் தெரியாது. அதற்காகத்தான் ஒரு சொல் வைத்திருந்தார்கள். கத்தியை இறக்குமுன் "ஹாத்" என்பார். ஹாத் என்றால் கை, மெஷினில் கையை எடு என்று அர்த்தம். கத்தி ஏறி நின்றபின் "சலோ" என்பார். இனிக் கையை உள்ளே விடலாம் என்று அர்த்தம். இரண்டும் இந்திதான். கடையில் நம் ஆட்கள், வடக்கத்தி ஆட்கள், மராட்டிப் பெண்கள் என்று எல்லாரும் இருந்தார்கள். அவரவர் பாஷை அவரவருக்கு, மெஷினுக்கு ஒரே பாஷை.

எனக்கு முன்னால் அந்தப் பக்கம் நின்ற ஆளுக்கு விரல் போயிருந்தது. அப்போது மெஷினில் நின்றது வேறொருவர். சத்தம் கேட்டு ஓடிப்போய்த் தூக்கியது என் வீட்டுக்காரர். அதை அவர் எனக்கு விவரமாகச் சொன்னதே இல்லை. முதல் நாள் என்னைப் பின்பக்கம் நிறுத்தியபோது இவ்வளவுதான் சொன்னார்: "இந்தா பாருட்டி. நான் ஹாத்னு சொன்னா, ஏன் எதுக்குன்னு நெனைக்கப்படாது. காதுல விழுந்ததும் கை மடிக்கு வந்துரணும். புஸ்தகம் சரிஞ்சா சரியட்டும். நான் சலோங்காம கை உள்ள போவக் கூடாது."

நானும் அப்படியே பழகினேன். ரொம்ப நன்றாகவே பழகிவிட்டேன். ஒரு நாள் வீட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். தாராவி லேபர் கேம்ப்பில் எங்களுக்கு ஒரே அறை, மேலே ஒரு பரண். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் சாதாரணமாக, தலையைக்கூடத் தூக்காமல், "ஹாத்" என்றார். கரண்டி கீழே கிடந்தது, குழம்பு பாயெல்லாம் ஓடியது, என் இரண்டு கையும் மடியில் இருந்தது. அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் பாயைத் துடைத்துக்கொண்டே திட்டினேன். "இல்லட்டி, சோதிச்சுப் பாத்தேன். பாஸாயிட்ட" என்றார்.

இன்னொன்று அவர் சாகிறவரை சொல்லிச் சிரித்திருக்க வேண்டியது. அம்பர்நாத்தில் அவருடைய சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் புறப்பட்டோம். எனக்கு ரயில் புதிது. அவர் ஆம்பிளை டப்பாவில் ஏறிவிட்டார், என்னைப் பக்கத்திலேயே லேடீஸில் ஏறச் சொன்னார். கூட்டம். வண்டி நகரப் போகிறது. வாசலில் நின்ற ஒரு பெண் பாவம் என்று கையை நீட்டி, "ஹாத் தோ, ஹாத்" என்றாள். என் கை வெடுக்கென்று வயிற்றோடு வந்து ஒட்டிக்கொண்டது. அவள் நீட்டிய கையோடு போய்விட்டாள். பிளாட்பாரத்தில் நான் மட்டும். அந்தக் கோடியில் ஓடுகிற வண்டியிலிருந்து என் வீட்டுக்காரர் குதித்து வருகிறார். அடி விழும் என்று நினைத்தேன். அவருக்கோ சிரிப்பு அடங்கவில்லை.

"அட கூறுகெட்டவளே. மெஷின்ல ஹாத்னா எடு. ரயில்ல ஹாத்னா குடு" என்றார்.

அதற்குப் பிறகு எப்போது ரயில் ஏறப் போனாலும் பக்கத்தில் வந்து, "குடு, குடு" என்று முணுமுணுத்துவிட்டுத்தான் தன் டப்பாவுக்குப் போவார்.

மற்றபடி எங்களுக்குள் பெரிய பேச்சு கிடையாது. சாப்பாடு, பையன் படிப்பு, தண்ணீர் வந்ததா. கணக்குப் பார்த்தால் அவர் என்னிடம் வாழ்நாளில் அதிகம் சொன்ன சொல் ஹாத்தான். ஆனால் நான் அதைக் குறையாக நினைத்ததில்லை. அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து விடும்போதெல்லாம் என் கையை நினைத்துக்கொண்டுதான் விடுகிறார். எத்தனை பெண்டாட்டிகளுக்கு அப்படி ஒரு நினைப்பு கிடைக்கும்? என் விரல்கள் எல்லாம் பசையிலும் தாளிலும் காய்ந்து வெடித்துக் கிடக்கும். தாள் கையின் ஈரத்தைக் குடித்துவிடும், தேங்காய் எண்ணெய் தடவினாலும் நிற்காது. ஆனாலும் பத்தும் இருக்கிறது.

கல்யாண சீசனில் அட்டை, பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் நோட்டு, மாட்டுங்கா வீடுகளிலிருந்து சுலோகப் புத்தகம், கோயில் விசேஷத்துக்கு மலர். எல்லாம் எங்கள் இரண்டு பேர் நடுவிலும் போய் வந்தன. பையன் வளர்ந்தான். அவன் கடைப் பக்கமே வந்ததில்லை, நாங்களும் வர விடவில்லை. இந்தியிலும் இங்கிலீஷிலும் படித்து அம்பர்நாத்தில் ஃபேக்டரி வேலைக்குப் போனான், அங்கேயே குடும்பமாகிவிட்டான்.

முதலில் அவருக்குப் பிசகியது ஒரு சுலோகப் புத்தகத்தில். மாட்டுங்காவில் ஒரு வீட்டில் பெரியவருக்கு எண்பது வயது நிறைகிறது, வருகிறவர்களுக்குக் கொடுக்கப் புத்தகம். நான் சரியாகத்தான் தள்ளியிருந்தேன். அவர் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து, "தப்பா வெச்சிருக்க" என்று கட்டைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். அவருக்குத் தெரியாததா என்று நினைத்துக்கொண்டேன். ஹாத் என்றார், கையை எடுத்தேன். சலோ என்றதும் புத்தகத்தை இழுத்தேன், தாள்தாளாகக் கையோடு வந்தது. முதுகு முழுக்க அவர் பக்கம் கத்ரனோடு விழுந்து கிடந்தது.

முதலாளியும் எங்கள் பக்கத்து ஆள்தான், தென்காசிப் பக்கத்து முஸ்லிம். என் வீட்டுக்காரரை அண்ணாச்சி என்பார், அந்த முறையில் என்னை மைனி என்பார். வந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. "போவட்டும் அண்ணாச்சி, வேற அடிச்சுக் குடுத்துருவோம்" என்றார். திட்டியிருந்தால் என் வீட்டுக்காரர் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். அவர் முதுகில்லாத ஒரு புத்தகத்தை எடுத்து, பலகையில் தட்டித் தட்டி நேராக்கிக்கொண்டே நின்றார். நேராகத்தான் நின்றது. கையை விட்டதும் சரிந்தது.

அப்புறம் வீட்டுக்கு வருகிற வழியில் சந்து மாறிப் போவது, சாப்பிட்டுவிட்டுச் சாப்பாடு கேட்பது. வயதானவர்களுக்கு உள்ளதுதான் என்று இருந்தேன். ஒரு நாள் மதியம் புத்தகத்தைத் தள்ளிவிட்டு, கீழே விழுந்த ஒரு ஃபாரத்தை எடுக்கக் குனிந்தேன். தலைக்கு மேலே கத்தி இறங்கிய சத்தம் கேட்டது. சொல் கேட்கவில்லை.

தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் முன்னால் வைத்துப் பார்த்துக்கொண்டேன். பிறகு சுற்றிப் போனேன். வேலை நேரத்தில் நான் முன்பக்கம் போனது அன்றைக்குத்தான்.

"என்னங்க, ஹாத் சொல்லலியே."

என்னைப் பார்த்தார். "எந்த ஹாத்?" என்று கேட்டார்.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார்.

நான் நேரே முதலாளியிடம் போனேன். கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். அவரே நிமிர்ந்து பார்க்கிறவரை நின்றேன். "அவுகள இனி மெஷின்ல நிக்க விடாதிய" என்றேன். அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "மைனி, ஒங்க கொரல நான் இன்னைக்குத்தான் கேக்கேன்" என்றார். மறுநாள் என் வீட்டுக்காரரிடம், அந்தப் பக்கம் வேண்டாம் அண்ணாச்சி, மடிப்புக்கு ஆள் குறைகிறது, இங்கே வாருங்கள் என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் பலகையில் உட்காரவைத்தார். யார் சொல்லி இது நடந்தது என்று என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான்தான் என்று சொல்லியிருப்பேன். கத்தி அவர் கையாலே என் மேல் இறங்கியிருந்தால், அது என்னைவிட அவரைத்தான் முடித்திருக்கும்.

கொஞ்ச நாளில் கடைக்கே வர முடியாமல் போனது. வீட்டில் உட்கார்ந்தார். அங்கேதான் அது ஆரம்பித்தது. ஒரு நாள் தம்ளரில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "நீங்க குடிச்சியளா?" என்று கேட்டார்.

யாரோ பின்னால் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"உக்காருங்க. ஏன் நிக்கிய?" என்றார்.

ஏட்டி என்பார், கூறுகெட்டவளே என்பார், கோபம் வந்தால் பேரே சொல்லாமல் இந்தா என்பார். நீங்க என்று என்னை ஒரு நாளும் சொன்னவர் இல்லை. அன்றிலிருந்து எப்போதும் நீங்கதான். வாங்க, வைங்க, போதும் அக்கா. பக்கத்து வீட்டுக்காரி அதைக் கேட்டுவிட்டு, "குடுத்துவச்சவ நீ. எங்க வீட்டு ஆளு சாவும்போதுகூட வாட்டி போட்டின்னுதான் சாவான்" என்றாள். நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன். அவள் போனபிறகு தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். ஒரே அறையில் அழ வேறு இடம் கிடையாது.

அவர் பிழைத்து எழுந்து மறுபடி வேலைக்குப் போவார் என்று நான் நினைக்கவில்லை. போகிற வயதுதான். எனக்கு வேண்டியது ஒன்றுதான், போவதற்கு முன் ஒரு தடவை என்னை நான் என்று தெரிந்து ஏட்டி என்று கூப்பிட வேண்டும். யாரோ ஒரு அக்காவிடமிருந்து அவர் போகக் கூடாது. என்னிடமிருந்து போக வேண்டும்.

பையன் வந்து பார்த்துவிட்டு, அம்பர்நாத்துக்கு வந்துவிடுங்கள், அங்கே காற்று இருக்கிறது, இடம் இருக்கிறது என்றான். நியாயம்தான். ஆனால் இந்த அறையை விட்டு, இந்தப் பசை வாசத்தை விட்டுக் கூட்டிக்கொண்டு போனால் இருக்கிற கொஞ்சமும் போய்விடும் என்று எனக்குப் பயம். இங்கேயே இருக்கிறோம் என்றேன். காலையில் அவரைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டுக் கடைக்குப் போவேன், மதியம் வந்துவிடுவேன். முதலாளி வீட்டிலேயே மடிக்க ஃபாரம் கொடுத்து அனுப்புவார். வீணான தாளும் ஒரு கட்டுக் கொடுப்பார், அது அவருக்கு.

அவர் கைக்கு மட்டும் ஒன்றும் மறக்கவில்லை. தாளைத் தூக்கி உதறுகிற உதறலிலேயே காற்று உள்ளே போய்த் தாள் பிரியும். ஓரத்தோடு ஓரம் வைப்பார், விரலால் நடுவிலிருந்து அழுத்தி இழுப்பார், மடிப்பு கத்திபோல் இருக்கும். தரையில் தட்டி அடுக்குவார். சப்பாத்தி வைத்தால் சப்பாத்தியையும் தட்டி அடுக்குவார். நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து மடிப்போம். கல்யாணமாகி அவ்வளவு வருஷத்தில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்தது அப்போதுதான். அவர் முகத்தை வேலை நேரத்தில் பார்க்க எனக்கு அவ்வளவு காலம் ஆனது, அந்த முகத்துக்கு என்னைத் தெரியவில்லை.

ஒரு நாள் நான் மடித்ததை எடுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, ஓரம் பெசகுது. எங்க வீட்டுக்காரி இப்படி விடமாட்டா" என்றார்.

மெதுவாகக் கேட்டேன். "ஒங்க வீட்டுக்காரி எங்க?"

"பின்பக்கம் நிக்கா" என்றார். சந்தேகமே இல்லாமல் சொன்னார். "ரொம்பப் பேசமாட்டா."

அன்றைக்கு நான் செய்ததைச் சொன்னால் சிரிப்பார்கள். எழுந்து போய் பீரோவுக்கு அந்தப் பக்கம், அவருக்குத் தெரியாதபடி நின்றேன். கையை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் குரல் வந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று. தாள் மடிகிற சத்தம் வந்தது. தட்டி அடுக்குகிற சத்தம் வந்தது. பிறகு, "அக்கா போய்ட்டியளா?" என்று கேட்டார். வெளியே வந்தேன்.

மழை ஓய்கிற சமயம் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நல்லபடியாகத்தான் பார்த்தார்கள், அவருக்குத்தான் உடம்பில் ஒன்றும் மிச்சம் இல்லை. பேச்சு நின்றுபோயிருந்தது. அக்கா என்றுகூடச் சொல்லவில்லை. பையன் லீவு போட்டு வந்திருந்தான். அன்று மதியம் மருந்து வாங்கி வரச் சொல்லிச் சீட்டுக் கொடுத்தார்கள், அவன் கீழே போயிருந்தான். வார்டில் எல்லாக் கட்டிலுக்கும் ஆள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் ஸ்டூலில் இருந்தேன். அவர் மேல் போர்த்தியிருந்த துணி ஒரு பக்கம் சரிந்து தொங்கியது. எழுந்து, குனிந்து, அதன் ஓரத்தை இழுத்து நேராக்கினேன். என் கை அவர் கைக்குப் பக்கத்தில் போயிருக்கும்.

"ஹாத்" என்றார்.

நோயாளி முனகுகிற குரல் இல்லை. கடையில் மெஷினுக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற அதே குரல். என் கை மடிக்கு வந்துவிட்டது. நான் எடுக்கவில்லை, அதுவே வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் கண் திறந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தது. கத்தி இல்லை, மெஷின் இல்லை. ஆனால் எனக்குள் என்னவோ நிறைந்துவிட்டது. அந்தச் சொல்லை அவர் இந்த உலகத்தில் ஒருத்தியிடம்தான் சொல்லுவார். அக்காவிடம் சொல்லமாட்டார். பின்பக்கம் நிற்கிறவளிடம்தான் சொல்லுவார். ஏட்டி என்று கூப்பிட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு இருந்திருக்காது. என்னைத் தெரிந்துவிட்டது, என் கையை நினைத்துவிட்டார் என்று நான் உட்கார்ந்திருந்தேன். அவர் கை துணிக்கு மேலே மல்லாந்து கிடந்தது. விரல் கொஞ்சம் அசைந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே என் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

சலோ என்று சொல்லட்டும் என்று இருந்தேன்.

அவர் சொல்லாமல் என் கை உள்ளே போகக் கூடாது, அதுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அடுத்த கட்டிலுக்குத் துணைக்கு வந்திருந்த அம்மாள்தான் என்னைக் கூப்பிட்டாள். நர்ஸ் வந்தாள். பையன் மருந்தோடு வந்து நின்றான்.

காரியமெல்லாம் முடிந்தபிறகு ஒரு நாள் பையன் எங்கள் அறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். "அப்பா கடைசியா எதாச்சும் சொன்னாராம்மா?" என்று கேட்டான். அதுவரை யாரிடமும் சொல்லாமல் நான் எனக்கென்று வைத்திருந்தேன். அவன் கேட்டதும் சொல்ல ஆசையாக இருந்தது. "ஹாத்னு சொன்னாருப்பா" என்றேன். என்னைத் தெரிந்துகொண்டார் என்பதையும் சொல்லப் போனேன். அதற்குள் அவன் கண் கலங்கிவிட்டது.

"ஒன் கையக் கேட்டிருக்காரும்மா" என்றான். "குடுத்தியா?"

அவன் பேசுகிற இந்தியில் அந்தச் சொல்லுக்கு ஒரு அர்த்தம்தான். கடைப் பக்கம் வராதவன், அவனுக்கு எப்படித் தெரியும்? அவனைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. "டீ ஆறுது, குடி" என்றேன்.

அதிலிருந்து எனக்கு ஒன்றும் சரியாக நிற்கவில்லை. மெஷினில் ஹாத் என்றால் எடு. ரயிலில் ஹாத் என்றால் குடு. அவர் எங்கே இருந்துகொண்டு சொன்னார் என்று யாரிடம் போய்க் கேட்பேன்? மெஷினுக்கு முன்னால் நின்று சொன்னாரென்றால் நான் செய்தது சரி. ஓடுகிற வண்டியிலிருந்து சொன்னாரென்றால்? மல்லாந்து கிடந்த அந்தக் கை மட்டும் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. மெஷினில் பிடியை இழுக்கிற கை குப்புறத்தான் இருக்கும். அதை நான் அப்போதே நினைத்திருக்க வேண்டும். நினைக்கக் கூடாது என்றுதான் பழக்கியிருந்தார்.

வீட்டில் தனியாக உட்கார முடியாமல் கடைக்குத் திரும்பப் போனேன். முதலாளி என்னைப் பழைய இடத்திலேயே நிற்கச் சொன்னார். முன்பக்கம் ஒரு பீகார்க்காரர் இப்போது. நல்ல மனுஷர், அம்மா என்கிற மாதிரி மாயி என்று கூப்பிடுவார். புத்தகத்தைத் தட்டி நேராக்கித் தள்ளினேன். "ஹாத்" என்றார்.

என் கை வரவில்லை.

வராதது மட்டும் இல்லை. இன்னும் உள்ளே போனது. கத்திக்கு அடியில், அந்தப் பக்கத்தை நோக்கி, விரித்துக்கொண்டு போனது. பீகார்க்காரர் பிடியை இழுக்குமுன் ஒரு தரம் எட்டிப் பார்க்கிற பழக்கம் உள்ளவர். பார்த்துவிட்டார். மெஷினை நிறுத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

முதலாளி வந்தார். என் வீட்டுக்காரரிடம் பேசிய அதே குரலில்தான் என்னிடமும் பேசினார். "அந்தப் பக்கம் வேண்டாம் மைனி. மடிப்புக்கு ஆள் கொறையுது, இங்க வாங்க" என்றார்.

இப்போது மடிப்புப் பலகையில், அவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பெண்கள் பேசுகிறார்கள், நான் சிரிக்கிறேன். மெஷினுக்குப் பின்னால் வேறொருத்தி நிற்கிறாள், உத்தரப் பிரதேசத்துப் பெண், கெட்டிக்காரி. அங்கிருந்து அந்தச் சொல் வரும்போதெல்லாம் நான் அவள் கையைப் பார்ப்பேன். சரியாக மடிக்குப் போயிருக்கும். என் கையில் இருக்கிற தாளையும் நான் கீழே வைத்துவிடுவேன். வலது கை பலகை மேல் மல்லாந்து கிடக்கும். கத்தி இறங்கும், ஏறும். சலோ என்று கேட்டபிறகு அடுத்த ஃபாரத்தை எடுப்பேன்.